தொடர்பு ஏதும் இல்லை

எடின்பரோவில் நவம்பர். மூன்றரைக்கே
விளக்குப் போட்டாயிற்று.
மேசைமேல் மூன்று கோப்பு,
ஆடை படிந்துபோன தேநீர்,
ஐல்சா கின்னியர்டின் மூக்குக்கண்ணாடி.
குறிப்பெடுப்பவள் நான்.

விவகாரம் இதுதான்:
பீட்டர்ஹெட் மீன்கூடங்களில்
முப்பது வருஷம் விரல் மரக்க மீன் அரிந்தவர்களை
மாதாமாதம் வரவிருந்த ஓய்வூதியத்தை விட்டுவிட்டுப்
பங்குச்சந்தையில் இறங்கச் சொன்னது ஒரு நிறுவனம்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேர் இறங்கினார்கள்.
அத்தனை காகிதத்தையும் பிரித்துப் பார்க்க
வெளியாள் ஒருவர் வேண்டும்.
அவருக்குக் கூலி?
சோதிக்கப்படும் நிறுவனமே தரும்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
இங்கே ஓணானுக்கு மணிக்கணக்கில் சம்பளமும்
வேலிதான் கொடுக்கிறது.
எந்த ஓணான் என்பது மட்டும்
எங்கள் பொறுப்பு.

முதல் கோப்பு வழவழத்தது.
நூறு ஊரில் கிளை, நாற்பது பக்கம்,
தொடர்பு ஏதும் இல்லை என்று தடித்த எழுத்து.
முப்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பை
ஐல்சா நகத்தால் தொட்டாள்:
அந்நிறுவனத்தின் ஆலோசனைக் கையேட்டை
எழுதிக் கொடுத்ததே இவர்களுடைய இன்னொரு பிரிவு.
நடுவே சுவர் இருக்கிறது என்றார் சட்ட ஆலோசகர் ருவாரி டன்பார்.
சுவருக்குக் காது இருக்குமே, என்றாள்.

இரண்டாவது டார்க்வில் அபர்நெத்தி.
பனி விழுந்த மறுநாள் மைதானம் மாதிரி
சுத்தமான படிவம்.
நிறுவனத்தில் யாரையும் தெரியாது.
பீட்டர்ஹெட் போனதில்லை.
கப்பல் காப்பீட்டில் பேர்போனவர்;
ஓய்வூதியக் கோப்பைத் தொட்டதே இல்லை.
பாம்பின் கால் பாம்பறியும்.
இவர் பாம்பைப் படத்தில் பார்த்தவர்.

மூன்றாவது கோப்பில்
இணைப்புத் தாள் ஒட்டியிருந்தது, கையெழுத்தில்.
ஈஷ்பெல் புகான், ஃப்ரேசர்பரோ.
ஒன்று: என் மைத்துனன் அந்த மீன்கூடத்தில் இருந்தான்;
பணத்தை மாற்றவில்லை, அவனுக்குச் சோம்பல்.
இரண்டு: இயக்குநர்களில் ஒருவரும் நானும்
ஒரே பள்ளிப் பேருந்து.
ஐந்து: நிறுவனம் தந்த நாட்காட்டி என் வீட்டில் உண்டு,
பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுகிறேன்.
எட்டு: இப்படி இரண்டு ஆலோசகர்கள்மேல்
முன்பே நான் புகார் கொடுத்திருக்கிறேன்.
பதினொன்று: எனக்கு இந்த வேலை வேண்டும்.
அதையும் ஒரு சார்பாகக் கொள்க.

ஆறாம் கட்டத்தில் ஆம் என்று வந்தால்
திரை சிவக்கும்.
பதினோரு முறை சிவந்தது.
மறைத்தாரா என்று கேட்கும் கட்டம் எது,
என்று கேட்டாள் ஐல்சா.
தேடினேன். அப்படி ஒரு கட்டம் இல்லை.
ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்புறா
அலகைத் துடைத்துக்கொண்டது.

குடத்தில் ஓலை போட்டுச்
சிறுவனை எடுக்கச் சொல்ல முடியாது.
மதிப்பெண் கூட்டினோம்.
அபர்நெத்தி வென்றார், ஒரு நிபந்தனையோடு:
விஷயம் தெரிந்த ஓர் ஆளை
இரண்டு வாரத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது.
உதவியாளர்: ஈஷ்பெல் புகான்.
அதே பதினொன்று, அதே கையெழுத்து,
பின்னிணைப்பு இ-யில்.
பின்னிணைப்புக்கு நிறம் மாறாது.

ஐல்சா சிரித்தாளா தெரியவில்லை,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
தேர்வு முறைப்படி நடந்தது என்று
எழுதிக்கொள், என்றாள்.
எழுதினேன். நடந்ததும் முறைப்படிதான்.

ஜனவரியில் எனக்கும் வந்தது வருடாந்தரப் படிவம்.
யாரோடெல்லாம் தொடர்பு?
வழக்கமாக ஒரே கோடு இழுத்து அனுப்பிவிடுவேன்.
இம்முறை
எண் போட்டு எழுத உட்கார்ந்தேன்.
ஏழு வருஷம் இந்த ஊரில்.
மூன்றுக்குமேல் போகவில்லை,
மூன்றாவது
பல் டாக்டர்.