ஏழு பேர், ஒரு பீரோ

செல்லூரில் எங்கள் சந்துக்குள் இந்த வண்டி நுழையாது.
இரண்டு பக்கக் கண்ணாடியையும் காது மாதிரி மடக்கி
ஒரு தரம் விட்டுப் பார்த்தேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் காய்ந்த பாவாடையை
மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.
அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டியோரம்
தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது,
யாரோ கட்டிவிட்டு மறந்துபோன யானையாக.

தேனிக்காரரிடம் வாங்கியது, இரண்டாம் கை.
"இம்புட்டுப் பெருசு எதுக்கு?" என்று கேட்டவர்கள்தான்
சாவி கேட்டு முதலில் வந்தார்கள்.
எங்கள் வாடகைக் கடையின் அண்டாக்கள்,
மொய் எழுதும் மேசை,
திருப்பரங்குன்றத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர்,
திருமங்கலம் சந்தையில் பிடித்த கிடா. அது
வழி முழுக்க என் தோளில் தாடையை வைத்து வந்தது.
பின்சீட்டை மடக்கினால் கடை,
நிமிர்த்தினால் குடும்பம்.
ஞானதுரைக்கு ஓட்ட வராது.
லைசென்ஸ் என் பேரில், தவணை அவர் பேரில்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது
நாத்தனார் பிரிசில்லாவுக்கு மாற்றல் வந்தது.
மன்னவனூர். செவிலியர்.
பீரோவை மேலே ஏற்றிக் கயிறு போட்டோம்.
கிரைண்டர் பின்னால்,
அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் இரண்டு பிள்ளைகள்.
வத்தலக்குண்டு வரைக்கும் பாட்டு.
மலை ஏற ஏறப் பாட்டு சன்னமாகி,
ஸ்வெட்டர் ஒன்றுக்கு மூன்று பேர் கை நீட்டினார்கள்.

பெருமாள்மலைக்குக் கீழே
பனி ரோட்டைத் தின்றுவிட்டது.
முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்
பீடி நுனி போல.
வெளியே இருப்பது மலையின் பனி.
உள்ளே கண்ணாடியில் படிவது எங்கள் ஏழு பேர் மூச்சு.
துடைக்கத் துடைக்கப் படிந்தது.
"யாரும் பேசாதீங்க" என்றேன்.
பேசாமலும் மூச்சு விட்டார்கள்.
என்ன செய்ய.

டீக்கடையில் ஒரு லாரி கிளீனர்ப் பையன்,
காதில் மப்ளர்,
"ஏசியைப் போடுங்கக்கா" என்றான்.
இந்தக் குளிரிலா என்று ஞானதுரை சிரித்தார்.
போட்டேன்.
பல்லெல்லாம் கிடுகிடுக்க
கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்தது.
பூம்பாறை தாண்டும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.
முன்சீட்டில் பிரிசில்லா
தன் பக்கத்து ஜன்னலில் விரலால்
ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.

மறுநாள் காலை
புல்லெல்லாம் உப்பு கொட்டினாற்போல்.
பானட்டில் வெள்ளைப் படலம்.
அதைச் சுரண்டி வாயில் போட்டான் சின்னவன்:
"ருசியே இல்லம்மா."
மூன்றாவது முறை சாவி திருப்பியதும்
இருமி, இருமி, எழுந்தது வண்டி.
பிரிசில்லா கை காட்டவில்லை.
பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பதென்ற யோசனையில்
உள்ளே போய்விட்டாள்.

இறங்கும்போது
நாலு மூட்டை பூண்டு இருந்தும் வண்டி லேசு.
மேடு பள்ளத்தில் துள்ளியது.
ஏற்றத்தில் சுமையோடு இழுக்கத் தெரிந்த எனக்கு
சுமையில்லாத வளைவு பிடிபடவில்லை.
இரண்டாம் கியரிலேயே வந்தேன்.

பூண்டு வாசம் போகச் சித்திரை ஆனது.

நேற்று ஐப்பசி மழை.
ஆரப்பாளையத்துக் கல்யாணத்துக்கு
மூன்று அண்டா சாம்பார், ஆவி பறக்க.
ஜன்னல் ஏற்றியிருந்தேன்.
கண்ணாடி வெளுத்துக்கொண்டே வர
இடது பக்கத்தில்
ஒன்பது மாதமாக யாரும் துடைக்காத உள்பக்கத்தில்
(கழுவுகிற பையன் வெளிப்பக்கத்தோடு சரி)
ஒரு விரல் மெல்ல எழுத ஆரம்பித்தது.
ஆள் இல்லாத சீட்.
கோணல் எழுத்து, 'து'வின் வால் நீண்டு:

மெதுவா.

பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான்.
ஏசி பொத்தான்வரை போன கை
கியருக்கே திரும்பியது.
சாம்பார் ஒரு சொட்டு சிந்தவில்லை.
பந்திக்கு மட்டும்
பத்து நிமிஷம் தாமதம்.