உடைசல் கணக்கு

பின்னால் ரெண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து
பன்னிரண்டு பிளை டயர் நாலும் மாட்டி
பேட்டை ஒர்க்‌ஷாப்பை விட்டு எடுத்த அன்றே
பிக்கப் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
பழைய டயரில் குளத்துக்கரை ரோடு
சும்மா முணுமுணுக்கும்.
இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறது.

களக்காட்டு ஏத்தங்குலை
வாரம் மூன்று நடை திருவனந்தபுரம்
நடைக்கு ரெண்டு டன் என்று
தரகர் தாசையா சொன்ன வாய்வார்த்தைக்கு
ஜெபக்கனியின் வளையலை வைத்துப் போட்ட பட்டை.
ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால்
அவர் வேறு வண்டி பிடித்துவிட்டார்.

எனக்குக் கிடைத்தது முட்டை.
நாங்குநேரியில் ஏற்றி
மூலைக்கரைப்பட்டி வழியாகக் கடை கடையாக இறக்க வேண்டும்.
இருநூறு அட்டை. மொத்தமும் முன்னூறு கிலோ சொச்சம்.
முதல் நாள் உடைசல் நாற்பத்தொன்று.
மறுநாள் முப்பத்தெட்டு.
டீசல் நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

டயர்க்கடைக்காரன்: ‘புதுசு அண்ணாச்சி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.’
பங்க்கில் ஒருவர்: அலைன்மென்ட்.
மச்சினன்: கண்ணு.
நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன்.
நாலும் நசுங்கின.
அன்றைக்கு நாற்பது.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
ஸ்பேனரைத் தொடவில்லை.
‘எம்புட்டு காத்து வச்சிருக்கீரு?’
‘எழுபது.’
‘ஏத்துதது?’
‘முட்டை.’
கீழே உட்கார்ந்து சிரித்துவிட்டு
டயர் டயராகப் போய் உஸ்ஸென்று இறக்கினான்.
அன்று இருபத்தாறு.

அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்து வந்தவன்
ஷேக்கிளில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தான்.
‘பம்பர்ல ஏறிக் குதியும்.’
எண்பது கிலோ ஆள் குதிக்கிறேன்,
கோடு அசையவே இல்லை.
‘மாட்டின பய முக்கி முறுக்கிருக்கான் வே,
பெயின்ட்டு வேற அடிச்சு.’
தளர்த்தி, கிரீஸ் வைத்தான்.
பதினேழு.

பிறகு நிறைய டீ ஊற்றிய கிளாசோடு
பின்தொட்டியில் அவனே ஏறி உட்கார்ந்தான்.
‘பைய ஓட்டும்.’
கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினேன்.
ரெண்டு வேகத்தடை. ஒரு பாலம். 
இறங்கும்போது டீ பாதி சட்டையில் இருந்தது.
‘ஷாக்கப்பு நல்லாத்தான் இருக்கு.
ரெண்டு டன்னுக்குக் கட்டின பட்டை,
முட்டைக்கு எதுக்கு வே வளையணும்?
ஒண்ணைக் கழத்திருவமா?’

வேண்டாம் என்றேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.

வீடு கட்டி மிஞ்சிய மணல் கிடந்தது.
பத்து மூட்டை கட்டி
தொட்டியின் அடியில் பரத்தி
மேலே முட்டையை அடுக்கினேன்.
வண்டி கனிந்து போனது.
உடைசல் ஒன்பதுதான்,
செக்போஸ்ட் வரைக்கும்.

‘ஆத்து மணலா?’
‘முட்டை உடையாம இருக்க சார்.’
அந்த ஏட்டு என் முகத்தைப் பார்த்தார்,
மூட்டையைப் பார்த்தார்,
இன்னொரு ஏட்டையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.
ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம்,
நானும் ஆறாயிரம் முட்டையும்.
மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள்.
மூலைக்கரைப்பட்டி சேரும்போது உடைசல் இருபத்திரண்டு.

மறுநாள் விடிய மேலப்பாளையம் போனேன்.
மைதீன் பிச்சை முகத்தைப் பார்த்ததுமே
ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான்.
ஒண்ணல்ல, ரெண்டையுமே கழற்று என்றேன்.
யூ போல்ட் கிறீச்சென்றது.

ரெண்டு பட்டையும் இப்போது என் வீட்டுத் தண்ணித்தொட்டி மூடியின் மேல்,
காற்றுக்குத் தூக்காதபடி.
ஜெபக்கனிதான் வைத்தாள்.
வளையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை,
பட்டையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள்.

நேற்று உடைசல் மூன்று.
மூன்றும் இறக்கும்போது என் கை தவறியவை;
ரோட்டின் மேல் எழுத மனசில்லை.

ராத்திரி தாசையா போன்.
‘தையில குலை வரும்யா. ரெண்டு டன் தாங்குமா வண்டி?’
கொல்லைக் கதவு திறந்திருந்தது.
நிலா வெளிச்சத்தில் பட்டை
கவிழ்ந்த வில்லாகக் கிடந்தது.
‘பாத்துச் சொல்லுதேன்’ என்றேன்.
நோட்டை எடுத்து
மூன்றுக்குக் கீழே கோடு போட்டேன்.