நீல அம்புகள்

வரைபடத்தில் காற்று நல்ல பிள்ளை.
நீல அம்பாக இடப்பக்கம் நுழையும்,
முப்பது தலைகளைத் தடவிக்கொண்டு போய்
மேல் திறப்பில் வெளியேறிவிடும்.

ஜெலுத்தோங்கில் மூன்று மாடிப் பள்ளி.
அட்டையில் மாதிரி வெட்டி ஒட்டி
மேசை விசிறிக்கு எதிரே நிறுத்தி
ஊதுபத்தி கொளுத்தினேன்.
புகை முதல் வகுப்பில் நின்றது,
நான்காம் வகுப்பு வாசலில் தயங்கியது,
நேரே கழிப்பறைக்குள் போய்த் தங்கிவிட்டது.
"பூஜையா?" என்று எட்டிப் பார்த்தார்
பொறியாளர் கைருல்.
"கிட்டத்தட்ட."

தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று
திசைக்கொரு பெயர் இருக்கிறது என் மொழியில்.
மாநகர் மன்றப் படிவத்தில் ஒரே கட்டம்:
காற்றோட்டம் உண்டு, இல்லை.
விடியற்காலை சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வந்து
தகரக் கூரைகளைப் பிய்த்துப்போகுமே, அதற்கு
எங்கே பேனாவை வைப்பது?

வாரியத் தலைவர் குணாளன் நல்ல மனிதர்தான்.
"இருபத்தாறு ஏசி. சும்மா கொடுக்க ஆள் இருக்காங்க.
நீங்க என்னடான்னா சுவரெல்லாம் ஓட்டை போடுறீங்க."
"கரண்ட் பில்லும் சும்மாவா?"
தே ஓ ஆறும்வரை அவர் பேசவில்லை.

கழிப்பறையைக் காற்றின் வால்பக்கம் தள்ளினேன்.
கட்டடத்தைப் பதினொரு பாகை திருப்பினேன்.
சாய்ந்து அடிக்கும் மூன்று மணி மழைக்கு
கூரையை நாலு அடி இழுத்துவிட்டேன்.
பக்கத்து நிலத்தில் முப்பது மாடி அடுக்ககம் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.
அதன்மேல் மோதிய காற்று
என் அம்புகளில் ஒன்றையும் படிக்காமல்
படிக்கட்டு வழியே இறங்கி வந்தது.

தலைமையாசிரியை நளாயினி போன் செய்தார்.
"காத்து வருதுங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"ரொம்ப வருது."
இரண்டாம் வகுப்பின் கழித்தல் கணக்கு
மேல் திறப்பு வழியே கார்ப் பட்டறைக்குப் போயிருக்கிறது.
பட்டறை ஆ ஹுவாட்
கிரீஸ் கைரேகையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அளக்கும் கருவியோடு போனேன்.
விசிறிகள் நின்றிருந்தன.
மேசைக்கு மேசை ஒரு கல்.
கடற்கரைக் கல், உடைந்த ஓட்டுத் துண்டு,
என் கட்டடத்தில் மிஞ்சிய செங்கல் மூலை,
ஒருவனுக்கு வெறும் சப்பாத்து.
எந்தத் தாளிலும் நான் வரையாதவை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து
குறிப்பேட்டைத் திறந்தேன்.
பக்கம் புரண்டது. அழுத்தினேன்.
மறுபடி புரண்டது.
பக்கத்துச் சிறுமி தர்மினி நிமிரவில்லை.
இடது கையால் ஒரு கல்லை
என் பக்கம் தள்ளிவிட்டு
எழுதிக்கொண்டிருந்தாள்.