தொப்பூர், ஐந்து நொடி

ஒரு சொல். ஐந்து நொடி. எட்டுக் கட்டம்.
ஊர்ப்பெயராக இருக்கணும், ஒலி கூடாது,
வெள்ளி காலை ஸ்டோரிபோர்டு சுவரில் ஏறணும்.
ஜெனிலா ஏற்காடு எடுத்துக்கொண்டாள்,
எழுத்தெல்லாம் பனியில் கரையுமாம்.
எனக்கு தினம் இரண்டு முறை கடக்கிற ஊர் போதும்.

தர்மபுரியில் ஏழு பத்துக்கு ஏறினால்
நல்லம்பள்ளி வரை கோடு நேராக வரும்.
டோல்கேட் தாண்டிவிட்டால்
பென்சில் டிரைவர் பேச்சைத்தான் கேட்கும்.

முதல் கட்டத்திலேயே சிக்கல்.
எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது,
சொல்லும்போது நாக்கு முதலில் தொடுவது தகரத்தை.
தாளில் இது யாரையும் உறுத்தியதில்லை.
நொடியை இருபத்துநான்காக நறுக்கிய பிறகு
யார் முதலில் உள்ளே வருவது?
கொம்பை விட்டால், எட்டுப் பிரேமுக்கு
எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாத ஒரு சுழி
தனியாக நிற்கும்,
ஹாரன் கேட்டும் லாரி வராத வளைவு மாதிரி.
சரி, அதுவே இருக்கட்டும்.

இரண்டில் த. மூன்றில் துணைக்கால்.
நான்கில் ப். அதன் புள்ளி கொஞ்சம் பின்தங்கி,
கிளீனர் பையன் ஓடிவந்து தொற்றுவதுபோல.
ஐந்தில் பூ, வால் சாலையாக நீண்டு இறங்கும்.
ஆறில்தான் என் வித்தை:
சொல் அப்படியே சாயும்,
துணைக்கால் வழுக்கி உருளும்,
புள்ளி தக்காளியாகத் துள்ளி ஓடும்.
ஏழில் ர் வந்து பிரேக் அடிக்கும்.
எட்டில் எல்லாம் எழுந்து
மண்ணைத் தட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்.
அம்புக்குறிகளைச் சிவப்பு மையில் போட்டேன்.
ஜெனிலா சிரித்தாள். மார்க் அள்ளிடுவ என்றாள்.

வியாழக்கிழமை
கட்டமேட்டுக்குக் கீழே பஸ் நின்றுவிட்டது.
அரை மணி பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கி நடந்தார்கள்.
நானும், கக்கத்தில் ஃபைலோடு.

இரட்டைப் பாலத்துக்கு முன்னால் அது படுத்திருந்தது.
சுவர்ப்பட்டி மூட்டைகள் வெடித்து
ரோடு முழுக்க வெள்ளை,
இன்னும் எதுவும் வரையாத தாள்.
வண்டியின் பின்பக்கம் தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தது.
படிக்கத் தெரியாததால் வடிவம் மட்டும் தெரிந்தது,
பக்கவாட்டில் விழுந்தும் இடைவெளி குலையாத எழுத்து,
மஞ்சளுக்கு நீல நிழல்.
நல்ல கை என்று நினைத்தேன்.
அதை நினைத்த பிறகுதான் ஆளைப் பார்த்தேன்.

ஆளுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.
நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தார், புருவமெல்லாம் வெள்ளை,
ஒரு காலில் செருப்பு இல்லை.
யாரோ தேடி எடுத்துவந்து முன்னால் போட்டார்.
வெறுங்கால் அதைத் தேடியது,
விரல் வாரைத் தொட்டு நழுவியது,
மறுபடி,
மறுபடி.
எண்ணியிருக்கக் கூடாது. பழக்கம்.
நூற்றிருபது பிரேம்.

இரவு ஆறாவது கட்டத்தை அழித்தேன்.
பென்சில் போனது, சிவப்பு போகவில்லை.
பிளேடால் சுரண்ட, தாள் மெலிந்து
பின்னாலிருந்த மேஜை விளக்கு கசிந்தது.
அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து
ஒரு ஊர் பேர எழுத இத்தனை நாளா என்றாள்.
புதிதாக ஒன்றும் வரையவில்லை.
துணைக்கால் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது.
ஓரத்தில் கால அளவு மட்டும் மாற்றி எழுதினேன்,
மற்ற ஏழையும் நெருக்கி
ஆறுக்கு இரண்டு நொடி.

வெள்ளிக்கிழமை சுவருக்கு முன்னால்
ஜெனிலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
ஆறுல ஒண்ணுமே நடக்கலையே?
அங்க மெதுவாத்தான் போகணும் என்றேன்.
நல்லாயிருந்ததடி பழசு என்றாள்.
நல்லாத்தான் இருந்தது.

அப்புறம் எட்டைக் காட்டினாள்.
ர் மேல் புள்ளி வைக்க மறந்திருந்தேன்.
பேனாவைக் கடன் வாங்கி
நின்ற வாக்கில், சுவரிலேயே, வைத்தேன்.