பெட்டியோரத்து ஈரம்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
காலை நாலரைக்கு என் பேனா விழிக்கும்.
பதினைந்து கிலோ பெட்டி
இருநூற்றெண்பது, முந்நூற்றைந்து, முந்நூற்றுப் பத்து.
கூவுகிறவர் முனிரத்தினம், எழுதுகிறவள் நான்.
ஏறினால் காரிமங்கலத்துக்காரர்கள் டீ வாங்கித் தருவார்கள்.
இறங்கினால் என் முகத்தில் முழிக்கமாட்டார்கள்.
எண் ஏறினால் நல்லதென்று
பதினோரு வருடம் பழகிய கை இது.

மூன்று மாதத்துக்கொருமுறை
தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து லேபில்
வலது கையை மட்டும் நீட்டுவேன்.
இடது பக்கம் ஊசி கூடாது,
மார்போடு அக்குள் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள்.
வலது நரம்போ கீமோவில் வெந்து
சணல் கயிறாய்க் கிடக்கிறது.
தஸ்லீம் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுப்புவாள்.
"இருக்குக்கா, ஒளிஞ்சிருக்கு."
நரம்பைத்தான் சொல்கிறாள்.

மஞ்சள் மூடிக் குழாய். ஒட்டிய தாளில்
ருக்மனி, 46, பெ.
ருக்குமணி என்று இந்த முறையும் திருத்தவில்லை.
பரிசோதனையின் பெயர் சி.ஏ. பதினைந்து-மூன்று.
ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து
எனக்கு முன்னால் சேலம் போய்விடும் என் ரத்தம்.

கீமோ நாட்களில் புரதமென்றால்
அவித்த முட்டை இரண்டு, முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம்,
வாந்திக்கு முந்தி விழுங்கவேண்டியது.
இப்போது புரதமென்றால்
எங்கோ தங்கிவிட்ட ஒரு செல்
உரித்து ரத்தத்தில் எறிகிற தோல்.

பத்தொன்பது. இருபத்தொன்று. பதினெட்டு. இருபத்திரண்டு.
ஐப்பசியில் நாற்பத்தொன்று.
முப்பது வரை பரவாயில்லையென்று
ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே போட்டிருக்கிறது.
வாட்ஸ்அப்பில் வந்தது, ஏலத்தின் நடுவில்.
நானூற்றுப் பத்துக்குப் போன பெட்டியை
நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டேன்.
மாரண்டஅள்ளிக்காரர் சண்டைக்கு வந்தார்.

"ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்லமுடியாதும்மா,
கல்லீரல் கோபித்தாலும் ஏறும், சும்மாவும் ஏறும்.
ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம். முதுகு வலிக்கிறதா?"
டாக்டர் எழிலரசி கேட்டார்.
விடியுமுன்னிருந்து குனிந்து எழுதுகிறவளிடம்
இதை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது?

பெட்டிக்கு அடியில் ஒரு பழம் நசுங்கினால்
மேல்வரிசை சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.
ஓரத்துப் பலகை மட்டும் ஈரமாகும்.
விரலால் தொட்டு, முகர்ந்து, தள்ளிவைப்பான் லோடு ஏற்றுகிற பையன்.
ஆனால் மார்கழியில் எல்லாப் பெட்டியும் ஈரம்தான்.
பனி.
கொட்டிப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?

கார்த்திகையில் நாற்பத்துநான்கு.
மூன்று ரூபாயை மண்டியில் ஏற்றமென்று சொல்லமாட்டோம்.
செவ்வாய்க்கிழமை சேலத்தில் ஸ்கேன்,
எலும்பு எலும்பாகக் கொட்டிப் பார்ப்பார்கள்.
லீவு கேட்டேன்.
கூவுவதை நிறுத்தாமலே தலையாட்டினார் முனிரத்தினம்.

பெங்களூர் லோடோடு ஓசூரைத் தாண்டியிருந்த மாதையன்
போனில் கேட்டார்:
"எவ்ளோ?"
காலையிலிருந்து அறுபது பேர் கேட்ட கேள்வி.
"எது?" என்றேன்.
அந்தப் பக்கம் லாரி
கியர் மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.