புட்டியில் ஒட்டிய பெயர்

படிவத்தில் பெயருக்கான கட்டத்தில்
நர்ஸ் யாஞ்சின் எழுதியிருந்தாள்: ஹுன்பிஷ்.
எங்கள் மங்கோலிய மொழியில்
'மனிதன் இல்லை.'
இருபத்தொன்பதாம் வாரத்தில் பிறந்தவன்.
எடை ஆயிரத்து நாற்பது கிராம்.
ஒரு மில்லி ரத்தம் அனுப்பியிருந்தாள்,
அவனிடம் இருந்ததில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

முதல் இரண்டையும் நாமுன் பறிகொடுத்திருந்தாள்.
அதனால்தான் இந்தப் பெயர்.
தேடி வருவது எதுவோ அது
வாசலில் நின்று கேட்டுவிட்டு
'சரி, இங்கே ஆள் இல்லை' என்று
திரும்பிப் போகட்டும்.
நெற்றியில் கரிக்கோடு வேறு.
முயல் என்று நினைத்துக்கொள்ளுமாம்.

யாஞ்சின் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள்.
மறுநாள் காலையில்
மறுபடியும் கரி.

முரன் நகரத்து ஆஸ்பத்திரியில்
கதகதப்புப் பெட்டிகள் இரண்டு வகை.
மாடியில் இருப்பவற்றில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.
கீழே என்னுடையதில்
பிள்ளைகளைத் தின்பதை நான் வளர்க்கிறேன்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு,
புகைகூட விறைத்து நிற்கிற இரவு.
இரண்டு பெட்டிக்குள்ளும் கோடை.

பதினோரு மணி நேரத்தில் இயந்திரம் கூவியது.
கண்ணாடிச் சில்லில் இளஞ்சிவப்புக் குச்சிகள்.
மறுநாள் தட்டில் தொட்டுத் தூக்கினால்
கம்பிப்பதப் பாகுபோல இழுபட்டது.
க்ளெப்சியெல்லா.
வாசலில் நிற்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.
பெயரும் கேட்காது.

மாடியில் அவன்
மூச்சுவிட மறந்து மறந்து போனான்.
உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி
யாஞ்சின் ஞாபகப்படுத்தினாள்.
வயிறு உப்பி, தோல்
சாம்பலும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக.

ஆறு மருந்து வில்லைகள் வைத்தேன்.
ஐந்தின் விளிம்புவரை முளைத்திருந்தது.
ஆறாவதைச் சுற்றி மட்டும்
வெறும் நிலம், வட்டமாக.
அளந்தேன். பதினெட்டு மில்லிமீட்டர்.
லிஃப்ட் எப்போதும்போல ஓடவில்லை,
நான் ஓடினேன்.

'கரிதான்' என்றார் பெரிய டாக்டர்.
வார்டில் யாரும் நாமுனோடு பேசவில்லை.
பதினான்கு இடங்களில் பஞ்சுக்குச்சி ஒற்றி எடுத்தேன்:
ஸ்டெதாஸ்கோப், பால்புட்டி மூடி,
கதவுப் பிடி, அவள் விரல், அந்தக் கரி.
கரித்தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
நெருப்பில் குளித்து வந்த பொருள் அது.
முளைத்தது
நாங்கள் கை கழுவும் தொட்டியின் தொண்டையிலிருந்து எடுத்தது.
'கை சுத்தம் உயிர் காக்கும்' போஸ்டருக்கு
நேர் கீழே.

அதே வாரம் பக்கத்துப் பெட்டிகள் இரண்டு காலியாயின.
ஒன்றின் பெயர்ச்சீட்டைக்
கிழிக்க மறந்திருந்தார்கள்.
'நெடுவாழ்வு' என்று இருந்தது.

மூலம் கண்டறியப்பட்டது என்று
அறிக்கையில் ஒரு வரி.
மன்னிப்புக் கேட்பதற்கென்று
படிவம் எதுவும் எங்களிடம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து
ஆய்வகத்துக்குள் ஓடிவந்து
என் பேனாவைப் பிடுங்கினான்.
நெற்றியில் கரி இருந்தது.
பின்னாலிருந்து நாமுன் கூப்பிட்டாள். திரும்பவில்லை.
இன்னும் உரக்க.
திரும்பவில்லை.

கிருமியா, அதைக் கொன்ற மருந்தா,
முந்திக்கொண்டு பிறந்ததா?
அதற்கு என்னிடம் வில்லை இல்லை.

அவள் பூட்ஸ் காலால் தரையை ஒரு மிதி மிதித்தாள்.
அதிர்வு ஏறியதும் திரும்பிச் சிரித்தான்.
'பார்த்தாயா' என்றாள்,
'இனி அது எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும்
இவன் போகமாட்டான்.'

பேனாவை அவனிடமே விட்டுவிட்டேன்.
தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.
குழாயை மட்டும் மாற்றினார்கள்.