மூன்று மில்லிமீட்டர்

பத்து மாவுங் படகுப் பட்டறைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் நிற்கிறது எங்கள் விமானம்,
மூக்கில்லாமல்.
மூக்கு என் மடியில்.
எண்பதாம் நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி
விளிம்பைத் தேய்க்கிறேன்,
தூக்கிப்போய் வைத்துப் பார்க்கிறேன், இறக்குகிறேன்.
இன்றைக்கு மட்டும் பத்தொன்பது தடவை.
எண்ணுவது கீ செங்.
மேல்பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு
வேறென்ன வேலை.

போன மாதம் கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டேன்.
வெட்டியது நாலு விநாடி.
போன விளிம்பைத் திரும்ப வளர்க்க மூன்று நாள்:
நார்த்துணி, ரெசின், மறுபடி நார்த்துணி.
பினாங்கு மழைக்காற்றில்
பிசுபிசுத்துக் கிடந்த மேல்தோலை
வெந்நீரில் தேய்த்துக் கழுவி
மறுபடி முதலிலிருந்து.
கீ செங் திட்டவில்லை.
"படகில் பிழை என்றால் நீந்தலாம்" என்றான்,
அவ்வளவுதான்.

எனக்குச் சம்பளம் தருவது வேறு வேலை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பூதக்கண்ணாடிக்கு அடியில் சில்லுகளைப் பார்த்து
'ஆகாது' என்று சொல்வது.
பதினேழு வருடமாக ஆகாது, ஆகாது.
அந்தக் கண்ணைத்தான் இங்கேயும் கொண்டுவந்தேன்.

நேற்று இரவு சேர்ந்துவிட்டது.
விசிறி நடுக்கூம்பைச் சுற்றி ஒரே இடைவெளி,
கூம்பும் மூடியும் ஒரே மட்டம்.
கண்ணை மூடி விரலால் வருடினேன்,
எது முடிந்து எது தொடங்குகிறது
என்று தெரியவில்லை.
கத்தினேன்.
கீ செங் குனிந்து
என்ஜினைத் தாங்கும் ரப்பர்களைத் தட்டினான்.
"எல்லாம் புதுசு.
நூறு மணி நேரம் ஓடினால் தொய்யும்.
என்ஜின் தலை குனியும்.
இன்றைக்கு நேராக இருப்பது
அடுத்த வருடம் கோணல்.
மூடியை மூன்று மில்லி இறக்கு."

மூன்று மில்லிமீட்டர்!
என் தொழிற்சாலையில் அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கும்.
தெரிந்தே கோணலாக வைக்க
கை வரவில்லை.
தே ஓ வாங்கி வந்தான், குடித்தோம்.
தலைக்கு மேல் ஒரு விமானம் கால் நீட்டி இறங்கிப் போனது,
அதற்கு எத்தனை மில்லி விட்டிருப்பார்களோ.

துளைகளை அடைத்தோம்.
பல்பை உள்ளே தொங்கவிட்டதும்
மூடி முழுக்கத் தேன்நிறம்;
அடியில் இருக்கும் தகட்டின் திருகுத் துளைகள்
தோலுக்குள்ளிருந்து தெரிந்தன.
ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பொட்டு வைத்தேன்.
கை நடுங்கியதை அவன் பார்க்கவில்லை.
பார்த்திருப்பான்.

முதல் பூச்சுக்குப் பிறகு ஊசித்துளைகள்.
நட்சத்திரம் என்று எழுதத் தோன்றும், மாட்டேன்.
காலாவதியான டச் அண்ட் கோ அட்டையால்
ரெசினை வழித்து வழித்து
ஒவ்வொன்றாக மூட வேண்டும்,
நட்சத்திரத்துக்கு யாரும் இதைச் செய்வதில்லை.

வீட்டில் கலையரசு
என் சட்டைகளைத் தனி வாளியில் துவைக்கிறார்.
அப்படியும் ஏதோ ஒரு கண்ணாடி நார்
தப்பி அவர் பனியனுக்குப் போய்விடுகிறது.
கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்கிறார்:
"எப்போது பறக்கும்?"
ரப்பர் தொய்ந்தால் எல்லாம் சரியாகும் என்கிறேன்.
அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

கடைசிப் பூச்சில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
காய்ந்தபின் தேய்த்து எடுத்தோம்.
ஒரு கால் மட்டும் வரவில்லை.
வண்ணம் மூடிக்கொள்ளும் என்றான் கீ செங்.
எடைக் கணக்குப் புத்தகத்தில்
அதை நான் எழுதவில்லை.